தொடுவானமும் துருவ விண்மீனும்: தமிழகக் கடற்கரையில் செக்ஸ்டன்ட் பயிற்சியும் பிழைக் கணக்கும்

ஆய்வுச் சுருக்கம்

விண்பொருள்களின் ஏற்றக்கோணத்தை அளந்து இருப்பிடம் அறியும் கலை, செயற்கைக்கோள் வழிகாட்டல் பரவிய பின்னர்ப் பெரும்பாலும் பொழுதுபோக்காளர்களிடமும் கடற்பயிற்சி நிறுவனங்களிடமும் எஞ்சி நிற்கிறது. இக்கலையைக் கற்பிக்கும் நூல்களுள் பல மிதவெப்ப நாடுகளின் கடலை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. வட அகலாங்கு 8 பாகைக்கும் 14 பாகைக்கும் இடைப்பட்ட தமிழகக் கடற்கரையில் அவற்றின் அறிவுரைகள் சில இடங்களில் பொருந்துவதில்லை. இக்கட்டுரை அவ்வேறுபாடுகளை விளக்குகிறது. தமிழ் மாலுமிகள் கையாண்ட இராப்பலகையும் செக்ஸ்டன்ட் கருவியும் பிழையை எதிர்கொள்ளும் முறையில் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஒப்பிடுகிறது. கரையில் நின்று பயில்பவர் கற்பது இருப்பிடத்தை அன்று, தம் அளவையின் பிழையையே என்னும் கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: செக்ஸ்டன்ட், இராப்பலகை, தொடுவானம், அகலாங்கு, சுழிப்பிழை, துருவ விண்மீன்.

முன்னுரை

இந்தியக் கல்லூரிகளில் இயற்பியல் பயின்றோர் பலர் செக்ஸ்டன்ட் கருவியைக் கண்டிருப்பர். கட்டடத்தின் உயரத்தை அளக்கும் செய்முறையோடு அதன் பணி அங்கே முடிந்துவிடும். கருவி பிறந்ததோ கடலுக்காக. கடலில் அதனைக் கையாள்வோர் இன்றும் உள்ளனர். 2022 செப்டம்பரில் பிரான்சின் லே சாப்லு தொலோன் துறைமுகத்திலிருந்து தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியில் செயற்கைக்கோள் வழிகாட்டல் விலக்கப்பட்டிருந்தது. செக்ஸ்டன்டையும் கடிகாரத்தையும் நம்பித் தனியொருவராக உலகைச் சுற்றிவந்த இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி, 2023 ஏப்ரலில் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கான பன்னாட்டுப் பயிற்சித் தரங்களிலும் விண்பொருள்வழி இருப்பிடம் அறிதல் இடம்பெற்றுள்ளது. அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகம் ஒருகாலத்தில் கைவிட்ட இப்பாடத்தை 2015ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியது. செயற்கைக்கோள் குறிப்பலை குலைக்கப்படக்கூடியது என்னும் உணர்வே இம்மீட்சிக்கு முதன்மைக் காரணம்.

எனினும் கப்பலோ படகோ இல்லாத ஒருவர் கரையில் நின்று இக்கலையைப் பயில்வதன் பயன் யாது? நிற்கும் இடம் அவருக்கு முன்னரே தெரியும். தெரிந்த விடையை அரும்பாடுபட்டுத் தேடுவது வீண்வேலை என்று தோன்றலாம். இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அகலாங்கு, நெட்டாங்கு ஆகிய சொற்கள் இங்கு முறையே அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைக் குறிக்கும். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, கலை எனப்படும். அகலாங்கில் ஒரு கலை, கடற்பரப்பில் ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர்.

கருவியின் அமைப்பும் இயக்கமும்

இரட்டை எதிரொளிப்பின் அடிப்படையில் அமைந்த கோண அளவியை 1731இல் இலண்டன் அரச கழகத்தின் முன் ஜான் ஹேட்லி வைத்தார். அதன் வில் வட்டத்தில் எட்டிலொரு பங்கு. பின்னர் நிலவுக்கும் விண்மீன்களுக்கும் இடைப்பட்ட பெரிய கோணங்களை அளக்கும் தேவையால் வில் ஆறிலொரு பங்காக நீட்டப்பட்டது. ஆறிலொன்று எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே கருவிக்குப் பெயராயிற்று. வில் 60 பாகையே ஆயினும் அதில் 120 பாகை வரை குறிக்கப்பட்டிருக்கும். ஆடி ஒரு பாகை திரும்பினால் எதிரொளித்த கதிர் இரு பாகை திரும்பும் என்பதே இதற்குக் காரணம்.

கருவியில் இரண்டு ஆடிகள் உள்ளன. ஒன்று சுட்டுக்கையோடு சேர்ந்து நகரும். மற்றொன்று சட்டத்தில் நிலையாக நிற்கும். நிலையான ஆடியின் ஒரு பாதி வெறுங்கண்ணாடி. அதன் வழியாகத் தொடுவானம் நேரே தெரியும். மறுபாதியில் ஞாயிற்றின் எதிரொளி தெரியும். சுட்டுக்கையை நகர்த்தி ஞாயிற்றின் கீழ்விளிம்பைத் தொடுவானக் கோட்டில் அமரச் செய்து, அப்போதைய கோணத்தைப் படிக்க வேண்டும். கை நடுங்கினாலும் தளம் ஆடினாலும் இரு காட்சிகளும் சேர்ந்தே அசையும். அவற்றின் தொடுகை கலையாது. ஆடும் மரக்கலத்தில் இக்கருவி வென்றதன் மறைபொருள் இதுவே.

பயில்வோர் முதலில் மனங்கொள்ள வேண்டியது கண்ணின் காப்பு. நிறவடிகட்டிகளைப் பொருத்தாமல் கருவியின் வழியே ஞாயிற்றை நோக்குவது பார்வையை நிலையாகக் கெடுக்கும். சுட்டு ஆடிக்கு உரிய வடிகட்டியில் மிகக் கருமையானதை முதலில் இறக்கி, பின்னரே தேவைக்கேற்ப மென்மையானதற்கு மாறுதல் வேண்டும்.

நண்பகல் அளவை: ஓர் எடுத்துக்காட்டு

கணக்கின் போக்கை விளக்கக் கன்னியாகுமரியில் டிசம்பர் 22ஆம் நாள் நண்பகலை எடுத்துக்கொள்வோம். அங்கு ஞாயிறு உச்சமடைவது இந்திய நேரம் 12 மணி 18 நிமிட அளவில். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கு நெட்டாங்கிற்கு உரியது. கன்னியாகுமரியோ ஏறத்தாழ 77 பாகை 33 கலையில் உள்ளது. இவ்வேறுபாட்டிற்கு 20 நிமிடம். அந்நாளில் ஞாயிறு கடிகாரத்தைவிட ஒன்றரை நிமிட அளவு முந்துவதால் எஞ்சுவது 18 நிமிடம்.

கண்ணின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் எனவும், கருவி காட்டிய கோணம் 58 பாகை 20.0 கலை எனவும் கொள்வோம். திருத்தங்கள் வருமாறு:

1. சுழிப்பிழை: தொடுவானத்தை அதன் எதிரொளியோடு பொருத்தும்போது கருவி சுழியைக் காட்டாமல் 2.0 கலை காட்டுகிறது எனில், அதனைக் கழிக்க வேண்டும்.
2. தொடுவானத் தாழ்வு: கண் கடல்மட்டத்திற்கு மேலிருப்பதால் தொடுவானம் கிடைமட்டத்திற்குக் கீழே தெரிகிறது. 4 மீட்டர் உயரத்திற்குக் கழிக்க வேண்டியது 3.5 கலை.
3. ஒளிவிலகல்: வளிமண்டலம் ஞாயிற்றை உயர்த்திக் காட்டுகிறது. இக்கோணத்தில் கழிக்க வேண்டியது 0.6 கலை.
4. ஞாயிற்றின் அரைவிட்டம்: அளந்தது கீழ்விளிம்பை, வேண்டுவது மையத்தை. கூட்ட வேண்டியது 16.3 கலை.
5. இடமாறு தோற்றப்பிழை: கூட்ட வேண்டியது 0.1 கலை.

திருத்திய ஏற்றக்கோணம் 58 பாகை 30.3 கலை. இதனை 90 பாகையிலிருந்து கழித்தால், ஞாயிறு உச்சிப்புள்ளியிலிருந்து 31 பாகை 29.7 கலை தெற்கே உள்ளது என்று பெறப்படும். அன்று ஞாயிற்றின் நடுவரை விலக்கம், அதாவது வான நடுவரையிலிருந்து அது விலகியிருக்கும் கோணம், ஏறத்தாழ 23 பாகை 26.1 கலை தெற்கு. கழிக்க எஞ்சும் 8 பாகை 3.6 கலையே அகலாங்கு. தென்முனையின் உண்மை அகலாங்கு ஏறத்தாழ 8 பாகை 4.7 கலை. கணக்கு நம்மைக் கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தெற்கே கடலுக்குள் நிறுத்திவிட்டது.

அந்த 1.1 கலை எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கும்போதே பயிற்சி தொடங்குகிறது. சுழிப்பிழையைக் கழிப்பதற்கு மாறாகக் கூட்டியிருந்தால் வேறுபாடு 5 கடல் மைலாகப் பெருகியிருக்கும். கீழ்விளிம்பை அளந்துவிட்டு மேல்விளிம்பிற்குரிய திருத்தத்தை இட்டிருந்தால் 30 கடல் மைலுக்கும் மேல் பிழை நேர்ந்திருக்கும். கருவியைச் செங்குத்தாகப் பிடிக்காமல் சற்றே சாய்த்திருந்தால் கோணம் உண்மையைவிடக் கூடுதலாகவே வரும். ஒவ்வொரு தவற்றிற்கும் தனக்கேயுரிய அளவும் திசையும் உண்டு. விடை தெரிந்த இடத்தில் நிற்பவருக்கே அவற்றை இனங்காணும் வாய்ப்புக் கிட்டுகிறது. நடுக்கடலில் நிற்கும் மாலுமிக்கு ஒப்பிட உண்மை விடை இல்லை. தம் கை வழக்கமாக எவ்வளவு பிழைக்கும் என்பதைக் கரையிலேயே அறிந்திருந்தால்தான், வரைபடத்தில் தாம் இட்ட புள்ளியை எத்துணை நம்பலாம் என்று அவர் சொல்ல முடியும்.

தமிழகக் கரையின் தனித்தன்மைகள்

பயிற்சிக்கு எந்தக் கரை எதனைத் தரும் என்பதை அது நோக்கும் திசையே தீர்மானிக்கிறது. சோழமண்டலக் கரையின் கடல் கிழக்கே உள்ளது. நண்பகல் ஞாயிறோ தெற்கிலோ வடக்கிலோ நிற்கும். ஆகவே சென்னை மெரினாவில் நிற்பவர் நண்பகல் ஞாயிற்றைக் கடல் தொடுவானத்தில் இறக்க இயலாது. அவருக்குக் கிட்டுவது காலை ஞாயிறு. கிழக்கே உள்ள ஞாயிற்றை அளந்தால் பெறப்படும் இருப்பிடக் கோடு வடக்குத் தெற்காக ஓடும். அது நெட்டாங்கையே நன்கு உணர்த்தும். ஓர் அளவை ஒரு புள்ளியைத் தராது, ஒரு கோட்டையே தரும் என்பதை 1837ஆம் ஆண்டுப் பயணமொன்றில் அமெரிக்கக் கப்பல் தலைவர் தாமஸ் சம்னர் கண்டறிந்தார். அக்கோட்டை எளிதில் வரையும் முறையைப் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி மார்க் சேன் இலேர் 1875இல் வெளியிட்டார். இன்றும் பயிலப்படுவது அம்முறையே.

காலை அளவையில் கடிகாரம் முதன்மை பெறுகிறது. புவி நான்கு நொடிகளில் ஒரு கலை சுழல்கிறது. எனவே கடிகாரம் நான்கு நொடி பிழைத்தால் சென்னையில் இருப்பிடம் கிழக்கு மேற்காக 1.8 கிலோமீட்டர் பிழைக்கும். வானியலுக்கும் கடற்பயணத்திற்கும் இருந்த இப்பிணைப்பே சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வகம் எழுந்ததன் பின்புலம். அதனை வடிவமைத்த மைக்கேல் டாப்பிங், கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் அளவையாளர் என்பது கருதத்தக்கது.

சென்னையில் அகலாங்கை அறிய விரும்புவோர் செயற்கைத் தொடுவானத்தை நாட வேண்டும். தட்டில் ஊற்றிய கருநிற எண்ணெய் இதற்குப் போதும். எண்ணெயில் தெரியும் ஞாயிற்றையும் ஆடியில் தெரியும் ஞாயிற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் கிடைப்பது ஏற்றக்கோணத்தின் இருமடங்கு. சுழிப்பிழையை நீக்கிய பின்னர் அதனைப் பாதியாக்க வேண்டும். இருவட்டங்களும் மையத்தோடு மையம் பொருந்துவதால் அரைவிட்டத் திருத்தம் இல்லை. தொடுவானத் தாழ்வும் இல்லை. அளவைப் பிழையும் பாதியாகும். ஆயின் கருவியின் வில் 120 பாகையோடு முடிந்தால், 60 பாகைக்கு மேற்பட்ட ஏற்றக்கோணத்தை இவ்வாறு அளக்க இயலாது. சென்னையில் நண்பகல் ஞாயிறு 60 பாகைக்குக் கீழே இருப்பது நவம்பர் இரண்டாம் வாரம் முதல் பிப்ரவரியின் முதல் நாட்கள் வரையே. டிசம்பர் 22ஆம் நாள் அது 53 பாகை 29 கலை. இருமடங்கு 106 பாகை 58 கலை.

மூன்றாவது தனித்தன்மை, ஞாயிறு ஆண்டுக்கு இருமுறை உச்சியைக் கடப்பது. சென்னையில் இது ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாட்களை ஒட்டியும், கன்னியாகுமரியில் ஏப்ரல் 11, செப்டம்பர் 1 ஆகிய நாட்களை ஒட்டியும் நிகழும். அந்நாட்களில் ஞாயிறு சில நிமிடங்களுக்குள் கிழக்கிலிருந்து மேற்கிற்குத் தாவிவிடும். எத்திசைத் தொடுவானத்தில் இறக்குவது என்பதே குழப்பமாகும். அவ்விரு நாட்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் ஞாயிறு வடக்கே நிற்கும். கணக்கின் விதியும் மாறும். ஞாயிறு எப்போதும் தெற்கே உச்சமடையும் எனக் கொண்டு எழுதப்பட்ட நூலை அப்படியே பின்பற்றுபவர், ஜூன் மாதத்தில் தமக்குப் பொருளற்ற விடை வருவதைக் கண்டு கருவியைக் குறைகூற நேரும்.

இவற்றை நோக்கக் கன்னியாகுமரியின் சிறப்பு விளங்கும். கிழக்கும் தெற்கும் மேற்கும் கடலாக அமைந்த அம்முனையில் காலை அளவையால் நெட்டாங்கையும் நண்பகல் அளவையால் அகலாங்கையும் மாலை அளவையால் சரிபார்ப்பையும் ஒரே நாளில் பெறலாம். வானம் தெளிந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரித் திங்கள்கள் இதற்கு ஏற்றவை.

இராப்பலகையும் துருவ விண்மீனும்

இக்கரையின் மாலுமிகள் செக்ஸ்டன்ட் வருமுன்னரே ஏற்றக்கோணம் அளந்தவர்கள். அரபு மாலுமிகள் கமால் என்றழைத்த கருவி தமிழ்க் கடற்கரையில் இராப்பலகை எனப்பட்டது. சிறு செவ்வகப் பலகை. அதன் நடுவிலிருந்து செல்லும் முடிச்சிட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துப் பலகையை விறைப்பாக நீட்டி, கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ விண்மீனிலும் பொருத்துவர். அரபுக் கருவியைப் பற்றி ஜேம்ஸ் பிரின்செப் 1836இல் எழுதினார். சோழமண்டல மாலுமிகளின் கருவிகளைப் பற்றிய காங்கிரீவின் குறிப்பு 1850ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழில் இடம்பெற்றது. கோணத்தின் அலகு விரல். அது ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேற்பட்டது. கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட 5 பாகை ஏறத்தாழ மூன்று விரல்.

துருவ விண்மீனின் ஏற்றக்கோணம் ஏறத்தாழ அகலாங்கிற்குச் சமம். ஆகவே நம் கடலில் அது 8 முதல் 14 பாகை உயரத்திலேயே நிற்கும். பலகையின் இரு விளிம்புகளையும் கண் ஒரே நேரத்தில் நோக்க வேண்டியிருப்பதால் சிறு கோணங்களுக்கே இராப்பலகை ஏற்றது. 50 பாகையில் விண்மீன் நிற்கும் ஐரோப்பியக் கடலில் அது பயன்படாது. கருவி எளிமையானதாக இருந்தது அறியாமையால் அன்று. அது தன் கடலின் அகலாங்கிற்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது.

பயில்வோர் இதனை ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். பலகையின் உயரம் 5 சென்டிமீட்டர் எனில், கண்ணிலிருந்து அதன் தொலைவு கன்னியாகுமரிக்கு 35.4, நாகப்பட்டினத்திற்கு 26.5, சென்னைக்கு 21.8 சென்டிமீட்டர். நாகப்பட்டினத்தின் முடிச்சு ஒரு சென்டிமீட்டர் தவறினால் அகலாங்கு 24 கலை தவறும். இத்துணைத் தளர்வான கருவியைக் கொண்டு துறைமுகத்தை எவ்வாறு அடைந்தனர் என்னும் வினா இங்கு எழும்.

விடை, முடிச்சு இட்ட முறையில் உள்ளது. துறைமுகத்திலேயே விண்மீனைப் பார்த்து முடிச்சை இட்டுவிட்டால், பின்னர்க் கடலில் செய்ய வேண்டியது ஒப்பீடு மட்டுமே. 10 பாகையில் 5 கலைக்கும் மேற்பட்ட ஒளிவிலகல், கண் உயரத்தால் வரும் தாழ்வு, பலகையைப் பிடிக்கும் கையின் வழக்கம் ஆகியவை முடிச்சிடும்போதும் பயன்படுத்தும்போதும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால் அவை தாமே நீங்கிவிடும். துருவ விண்மீன் உண்மைத் துருவத்திலிருந்து விலகியிருப்பதால் வரும் வேறுபாட்டைத் தவிர்க்க, அது தன் சிறுவட்டத்தில் ஒரே நிலையில் இருக்கும்போது பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் 44 கலையாக இருந்த அவ்விலகல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பல பாகைகளாக இருந்தது. ஆகவே வேறு விண்மீன்களின் உதயத்தையும் உச்சத்தையும் கொண்டு நேரம் குறிக்கும் அறிவு மாலுமிக்கு இன்றியமையாததாயிற்று.

இங்கு இரு கருவிகளும் பிழையை எதிர்கொள்ளும் முறை தெளிவாகிறது. இராப்பலகை பிழைகளைப் பெயரிடாமல் முடிச்சுக்குள்ளேயே அடக்கிக்கொள்கிறது. முன்னர்ச் சென்ற துறைமுகத்திற்கு மீள்வதற்கு அது உகந்தது. செக்ஸ்டன்ட் ஒவ்வொரு பிழைக்கும் பெயரும் அளவும் தந்து தனித்தனியே நீக்குகிறது. முன்னர் எவரும் அளந்திராத இடத்திலும் அது பயன்படும். முன்னதில் அறிவு கையிலும் பழக்கத்திலும் தங்கியது. பின்னதில் அட்டவணையிலும் நூலிலும் தங்கியது. கையில் தங்கிய அறிவு, கை ஓய்ந்தபோது பெரும்பகுதி மறைந்தது. இராப்பலகையைப் பற்றி இன்று நாம் அறிவன பெரிதும் பிறர் எழுதிவைத்த குறிப்புகளின் வழியே வருபவை. செக்ஸ்டன்டின் அட்டவணைகள் அச்சில் நிலைத்திருப்பினும், அலையாடும் தொடுவானத்தில் ஞாயிற்றின் விளிம்பு தொடும் கணத்தை உணரும் கண்ணை எந்த அட்டவணையும் தராது. அப்பகுதிக்கும் அதே நிலை நேரக்கூடும்.

பயிற்சி நெறி

தொடங்குவோர் நெகிழிச் செக்ஸ்டன்டைக் கொண்டே பயிலலாம். வெப்பத்தால் அதன் சட்டம் நெளிவதால் ஒவ்வோர் அளவைக்கும் முன்னும் பின்னும் சுழிப்பிழையைப் பார்த்தல் வேண்டும். ஒரே அளவையை நம்பாமல் ஐந்து அல்லது ஏழு அளவைகளை நேரத்தோடு குறித்து வரைபடத்தாளில் இட்டால், தனித்து விலகும் புள்ளி தானே வெளிப்படும். 15 பாகைக்குக் கீழே நிற்கும் ஞாயிற்றை அளத்தல் தொடக்கத்தில் வேண்டா. தொடுவானத்தை ஒட்டிய ஒளிவிலகல் வெப்பநிலைக்கேற்ப மாறுபடும். நடுவரை விலக்கம் முதலிய எண்களைக் கடற்பயணப் பஞ்சாங்கத்திலிருந்து பெறலாம்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது பிழைக் குறிப்பேடு. நாள், நேரம், கண் உயரம், சுழிப்பிழை, பெற்ற விடை, உண்மையிலிருந்து விலகிய தொலைவு, திசை ஆகியவற்றைத் திருத்தாமல் எழுதிவர வேண்டும். விடை முன்னரே தெரிந்திருப்பதால், அதற்கு ஏற்றாற்போல் அளவையைத் தெரிந்தெடுக்கும் சபலம் இப்பயிற்சியில் உண்டு. கணக்கை முடித்த பின்னரே உண்மை இடத்தோடு ஒப்பிடுவது என்னும் ஒழுங்கு அதனைத் தடுக்கும். விலகல் ஒரே திசையில் தொடர்ந்தால் அது கருவியின் அல்லது பழக்கத்தின் பிழை, கண்டுபிடித்துக் களையலாம். எல்லாத் திசைகளிலும் சிதறினால் அது கையின் பிழை; பயிற்சியால் குறையும்.

முடிவுரை

கைப்பேசி தன் இருப்பிடத்தை ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. அப்புள்ளி எவ்வாறு பெறப்பட்டது, எத்துணை நம்பத்தக்கது என்பதைப் பயனர் பெரும்பாலும் வினவுவதில்லை. செக்ஸ்டன்ட் தரும் விடை அதனினும் மிகத் தளர்வானது; ஆயினும் அதன் ஒவ்வொரு கலைக்கும் பயில்பவர் கணக்குச் சொல்ல இயலும். தமிழகக் கரையில் பயில்பவர்க்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. உச்சியைக் கடக்கும் ஞாயிறும் தாழ்ந்து நிற்கும் துருவ விண்மீனும் பிறநாட்டு நூலின் விதிகளை அப்படியே ஏற்க விடாமல், அவற்றின் காரணங்களைத் தேடச் செய்கின்றன. இராப்பலகையை உருவாக்கிய மாலுமிகளும் தம் வானத்தை நோக்கியே தம் கருவியை அமைத்தனர். கரையில் பயில்பவர் இறுதியில் கைக்கொள்வது, தாம் எவ்வளவு பிழைக்கக்கூடும் என்பதைத் தாமே அளந்து அறிந்த தெளிவு. உண்மை விடை கிட்டாத நடுக்கடலில் அத்தெளிவே துணையாகும்.